சகுந்தலாம்மா வீட்டுப் பீரோவில் ஏழு பள்ளங்கள்

குமணன்சாவடியில் கடை வைத்து, பெயிண்ட் அடித்த மரச்சாமான்களில் விழும் கீறலையும் பள்ளத்தையும் சரிசெய்வதையே முப்பது வருடம் தொழிலாகச் செய்தேன். வேலை செய்த இடம் தெரியக்கூடாது. தெரிந்தால் அது வேலையே இல்லை. அப்படித் தெரியாமல் செய்ததற்காக நான் வருத்தப்பட்டது ஒரே ஒரு வீட்டில்.

1. பக்கெட் இடித்த கதை

நெமிலிச்சேரியில் ஒரு தனி வீடு. ஆவடி ஃபேக்டரியில் பெயிண்ட் செக்‌ஷனில் இருந்து ரிட்டையர் ஆனவர் பலராமன். அவர் மனைவி சகுந்தலாம்மாதான் போன் செய்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். கூடத்தில் ஒரு மர பீரோ, கிரீம் கலர். பலராமனே ஸ்பிரே அடித்ததாம். கதவில் இரண்டு பள்ளம்.

“இன்னாம்மா ஆச்சு?”

“பக்கெட் இடிச்சிட்டு தம்பி. சனிக்கிழமை பெங்களூர்ல இருந்து பையன் வாரான். அதுக்குள்ள காஞ்சிருமா?”

பள்ளம் என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. பக்கெட் அங்கே வராது. நான் கேட்கவில்லை. உதிர்ந்த பெயிண்டைச் சுரண்டி, பள்ளத்தை அடைக்கப் பட்டி வைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, பிரைமர் கொடுத்தேன். புது கிரீம் அப்படியே அடித்தால் திட்டாகத் தெரியும். பழைய பெயிண்ட் வெயிலிலும் புகையிலும் மஞ்சளாகியிருக்கும். அதனால் ஒரு சொட்டு மஞ்சள், அரைச் சொட்டு பிரவுன் கலந்தேன். தின்னர் வாசனை போக அந்தம்மா சாம்பிராணி போட்டார்.

பலராமன் வந்து விரலால் தடவிப் பார்த்தார்.

“ஷேடு நல்லா ஒட்டியிருக்கு. யாரு இதை இடிச்சது?”

“நான்தான்” என்றார் அந்தம்மா.

2. கைத்தடி

மூன்றாவது முறை போனபோது என் கண்ணெதிரிலேயே நடந்தது. சாப்பிடக் கூப்பிட்டதற்கு பலராமன் கைத்தடியை ஓங்கினார். அந்தம்மா விலகினார், அடி பீரோவில் விழுந்தது. ஐந்து நிமிடத்தில் அவருக்கு எதுவும் நினைவில்லை. மறதி நோய்.

“பையனுக்குத் தெரிஞ்சா இவரை ஹோம்ல கொண்டு விட்டுருவான் தம்பி. வேற யார் ஊட்டினாலும் இவருக்குச் சோறு இறங்காது.”

“நான் ஏம்மா சொல்லப் போறேன்” என்றேன்.

கடைசியாக வேலைக்குப் போனபோது அந்தம்மாவின் முழங்கையில் துணி சுற்றியிருந்தது. கஞ்சி கொட்டிவிட்டது என்றார். துணிக்கு வெளியே கன்றிப்போன நீலம் தெரிந்தது. நான் குனிந்து ஷேடு கலந்துகொண்டிருந்தேன்.

3. சாக்பீஸ்

அடுத்த முறை அதே நம்பரில் இருந்து பேசியது மகன். பலராமன் தள்ளியதில் அந்தம்மாவின் தலை சுவரில் மோதியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்து இறந்துவிட்டார்.

நான் போனேன். வாசலில் இன்னும் ஷாமியானா பிரிக்கவில்லை.

“அம்மா போன்ல பெயின்டர்னு உங்க நம்பர்தான் அடிக்கடி இருந்துச்சு. எதுக்குண்ணே?”

பீரோவைக் காட்டி, கைத்தடி விழுந்த பள்ளங்களை அடைத்ததைச் சொன்னேன். அவர் கதவு முழுக்கத் தேடினார். கண்டுபிடிக்க முடியவில்லை. சாக்பீஸ் வாங்கி ஒவ்வொரு இடத்திலும் வட்டம் போட்டேன். ஏழு வட்டம்.

அவர் என்னைத் திட்டவில்லை.

“மாசா மாசம் இது முன்னாடிதான் உக்காந்து சாப்பிட்டேன். எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேண்ணே.”

“தப்பு பண்ட்டேன் தம்பி” என்றேன்.

உள்ளே இருந்து பலராமன் வந்தார். வட்டங்களைப் பார்த்துத் தோளில் கிடந்த துண்டால் துடைக்க ஆரம்பித்தார்.

“யாருப்பா இதுல கிறுக்குனது? சகுந்தலா பார்த்தா ஏசுவா.”

மகன் அவர் கையைப் பிடிக்கவில்லை. ஏழும் அழியும்வரை நாங்கள் இருவரும் நின்றோம்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஷேடு கலக்கப் பழகினால் வந்துவிடும். வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்து, “எப்படி ஆச்சு?” என்று இரண்டாம் தடவை கேட்கத்தான் எனக்கு முப்பது வருடமும் வரவில்லை.