இரண்டு கம்பெனித் தாள்கள்

எனக்கு ஒன்பது வயதில் என் அறையை மாமா பிடித்துக்கொண்டார். அம்மாவின் தம்பி, இன்ஜினீயரிங் முடித்து வேலை தேட ராஜகீழ்ப்பாக்கம் வந்தவர். வேலை கிடைக்கும் வரைதான் என்றார்கள். நான் ஹாலில் பாய்க்கு மாறினேன். ஏப்ரலில் வேலைக் கடிதம் வந்தது, அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) ஸ்வீட் பாக்கெட்டும் வாங்கி வந்தார். ஆனாலும் மாமா கிளம்புகிற வழியைக் காணோம். கண்ணை மூடச் சொல்லி என் பஜ்ஜியைத் தின்ற மனிதரை நான் எப்படி நம்புவேன்?

ஒரு மே மாதச் சாயங்காலம் மொட்டை மாடிக்கு இரண்டு தாள்களோடு வந்தார்.

"ரெண்டும் ஒரே கம்பெனிப் பேப்பர், ஒரே வெயிட். ஒண்ணா கீழ போடுவோம். உன்னோடது முதல்ல விழுந்தா இன்னைக்கே ரூமைக் காலி பண்றேன்."

ஏதோ தில்லுமுல்லு என்று தெரிந்தது. ஆனால் அறை ஆசை விடவில்லை. அவர் முதலில் நீட்டியதை வேண்டாமென்று மற்றதை வாங்கினேன். மூன்று எண்ணி முடிப்பதற்குள் தன் தாளைக் கசக்கி உருட்டிவிட்டார். இருவரும் கையை விட்டதும் அது நேராக வாசலில் போய் விழுந்தது. என்னுடையது சாவகாசமாக ஆடி அசைந்து பக்கத்துக் காலி மனையில் இறங்கியது.

கீழே ஓடிப்போய் உருண்டையைப் பிரித்தேன். உள்ளே கல் இல்லை. நாலே வரி இங்கிலீஷ்தான் இருந்தது.

"காத்து தடுக்குது," என்றார் மேலிருந்து.

"காத்தே இல்லையே மாமா. கொடியில துணிகூட ஆடல."

"அடிக்கிற காத்து இல்ல, சும்மா நிக்கிற காத்து. விரிச்சுப் போட்டா நிறைய காத்தைத் தள்ளிக்கிட்டு எறங்கணும். கசக்கிட்டா கொஞ்சம்தான்."

"அப்ப என்னோடதையும் எடுத்துட்டு வந்து கசக்கிப் போடலாம்."

"அது கெடக்கட்டும் விடு. இனிமே அது எதுக்கு."

அந்தத் தாளில்தான் மோசடி இருக்கிறது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. முள்ளில் கையைக் கீறிக்கொண்டு எடுத்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஓட்டை எதுவும் இல்லை. மேலே மாமாவின் பெயர், கீழே வட்ட முத்திரை. மாடிக்குப் போய் இரண்டையும் கசக்கிப் போட்டேன். ஒன்றாகவே போய் வாசலில் விழுந்தன, அங்கே நின்றிருந்த அம்மாவின் காலடியில்.

அம்மா இரண்டையும் பிரித்துப் படித்தாள்.

"எப்படா வந்துச்சு இது?" என்று நாலு வரித் தாளைக் காட்டி மாமாவைக் கேட்டாள்.

"காலையில."

ஒரு தாள் வேலையைக் கொடுத்தது, நாலு வரித் தாள் அதைப் பறித்துக்கொண்டது என்பதெல்லாம் நான் வளர்ந்த பிறகு பீரோவைக் குடையும்போது தெரிந்துகொண்டது. அன்று அம்மா என்னைத் திட்டவில்லை. முத்திரை போட்ட தாளைத் தொடையில் வைத்து நீவி நீவிச் சுருக்கம் எடுத்தாள். பிறகு, ஏற்கெனவே இரண்டு டீ குடித்திருந்த மாமாவிடம், இன்னொன்று போடட்டுமா என்று கேட்டாள்.

அந்தக் குரலில் இருந்த குழைவைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் அறையை அபகரிக்கும் திட்டத்தில் அம்மாவும் கூட்டு.