சாம்பிள் வீடு

மன்னார்புரம் முனையில் காலை டீயைக் கையில் வாங்கிக்கொண்டு சித்தார்த்தன் கால்களைப் பார்க்க ஆரம்பிக்கிறார். முகங்கள் அவருக்கு வேண்டாம். வேனுக்காகச் சாலையோரம் நிற்கும் பிள்ளைகளின் சாக்ஸில் என்ன நிறப் பட்டை இருக்கிறது என்பதுதான் வேண்டும். நீலத்தில் இரட்டைக் கோடு என்றால் ஒரு பள்ளி, சாம்பலில் சிவப்புப் பட்டை என்றால் இன்னொன்று, வெள்ளையில் பச்சை விளிம்பு என்றால் பைபாஸ் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் மூன்றாவது. ஊரில் இருக்கும் அத்தனை பள்ளிகளையும் கணுக்காலை வைத்தே சொல்லிவிடுவார்.

"இன்னைக்கி எந்தக் கட்சி சார் லீடிங்?" என்று டீக்கடைக்காரர் கேட்பார்.

"செவப்புப் பட்டை ஏறிக்கிட்டே வருதுங்க. போன வருஷம் இந்த ஸ்டாப்புல அது கெடையவே கெடையாது" என்பார் சித்தார்த்தன், தேர்தல் முடிவைச் சொல்பவரைப் போன்ற கவலையோடு.

வயது நாற்பதை நெருங்குகிறது. ஒல்லி, உயரம், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு. எடமலைப்பட்டி புதூரில் அரசு உதவி பெறும் ஒரு சிறிய தொடக்கப்பள்ளியில் ஆசிரியர். அது போதாதென்று பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்கும் படிக்கிறார். பாடம், கல்விப் பொருளாதாரம். உறவினர்கள் யாருக்கும் இது பிடிபடவில்லை. கல்வியும் பொருளாதாரமும் சேர்ந்தால் கல்விக் கடன்தானே என்று நினைத்துக்கொண்டு, எந்த பாங்க்கில் சீக்கிரம் கிடைக்கும் என்று கல்யாண வீடுகளில் ஓரமாக அழைத்துப் போய்க் கேட்கிறார்கள். அவரும் சளைத்தவர் இல்லை. பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், குழம்பு ஊற்றி முடிப்பதற்குள், "பையன் எந்த ஸ்கூலு? அம்மா எதுவரைக்கும் படிச்சிருக்காங்க?" என்று தொடங்கிவிடுவார். அவருடைய மனைவி ஆனந்தவள்ளி இப்போதெல்லாம் பந்தியில் இரண்டு இலை தள்ளித்தான் உட்காருகிறார்.

அவருடைய ஆய்வு இதுதான்: ஒரு குடும்பம் தன் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று எப்படி முடிவெடுக்கிறது? பக்கத்துத் தெருவில் செலவில்லாத பள்ளி இருக்கும்போது ஏன் தூரத்துப் பள்ளிக்கு அனுப்புகிறது? அனுப்பியதனால் பிள்ளை கூடுதலாக வாசிக்கிறதா? இதுவரை அவருக்குத் தெரிந்தவரை, தாயின் படிப்பையும் வீட்டு வசதியையும் ட்யூஷனையும் கழித்துவிட்டுப் பார்த்தால், வேனில் போகிற பிள்ளைக்கும் நடந்து போகிற பிள்ளைக்கும் வாசிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. "சனங்க வாங்குறது வேன்ங்க. அதுல படிப்பும் இருக்கும்னு நம்புறாங்க" என்பார்.

சனிக்கிழமைகளில் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போகிறார். அவருடைய ஆய்வு வழிகாட்டி பேராசிரியை அனுசுயா கீழச் சித்திரை வீதியில் இருக்கிறார். அத்தியாயத்தை வாங்கிப் படிக்கும்போது அவர் பேச மாட்டார், பென்சில்தான் பேசும். 'வருந்தத்தக்க', 'மிகவும்', 'உண்மையிலேயே' போன்ற சொற்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போவார். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் கட்டம் வந்தபோது அவர் சொன்ன ஒரே புத்திமதி இது:

"நீங்க வாத்தியார். கேக்கப் போன எடத்துல பிரசங்கம் பண்ண ஆரம்பிச்சுடுவேள். அப்பறம் அவா சொல்றது அவாளோட பதிலா, உங்களோட பதிலான்னு யாருக்குத் தெரியும்? செருப்போட சேத்து வாயையும் வாசல்லயே விட்டுட்டு உள்ள போங்கோ."

பேராசிரியை ஒரு பேச்சுக்குச் சொன்னார். சித்தார்த்தன் அதைச் சட்டமாக்கிக்கொண்டார். எடமலைப்பட்டி புதூரில் பள்ளியில் சேர்க்க வேண்டிய பிள்ளை இருக்கும் வீடுகளிலிருந்து குலுக்கல் முறையில் சாம்பிள் வீடுகளைத் தேர்ந்தெடுத்தார். மே மாதம் ஒரு முறை, பிள்ளைகளைச் சேர்த்து முடித்தபின் ஜூலையில் மறுமுறை, இரண்டு தடவை அந்த வீடுகளுக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவே அந்த வீட்டார் காதில் பள்ளியைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் விழக்கூடாது. மறந்துபோய்ப் பேசிவிடாமல் இருக்க, அந்த வீடுகளின் கேட் தூணில் சாக்பீஸால் சின்னதாக ஒரு புள்ளி வைத்தார். "என்னா சார், திருடன் வைக்கிற குறி மாதிரி இருக்கு?" என்று ஒரு அம்மாள் சண்டைக்கே வந்துவிட்டார். ஆய்வுக்குப் போகும்போது சட்டையை பேன்ட்டுக்குள் விட்டுக்கொள்வார். மற்ற நேரங்களில் சட்டை வெளியேதான் தொங்கும்.

அந்த மற்ற நேரம்தான் சங்கடம். மே, ஜூன் மாதங்களில் உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், உங்கள் பிள்ளையை எங்களிடம் சேருங்கள் என்று கும்பிட வேண்டும். ஆகஸ்ட் முதல் தேதி பள்ளியில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து இத்தனை ஆசிரியர் போதும் என்று கணக்குப் போடுவார்கள். பிள்ளை குறைந்தால் கடைசியாகச் சேர்ந்த ஆசிரியர் உபரி. அவரை வேறு எங்காவது மாற்றிவிடுவார்கள். இங்கே கடைசியாகச் சேர்ந்தவர் ஜோதி டீச்சர். லால்குடியிலிருந்து தினமும் ரயிலில் வருகிறார். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு ஓடிவந்து, மாலையில் திரும்ப ஓடுகிறவர். இதைவிடத் தூரமாகத் தூக்கிப் போட்டால் அவரால் வேலைக்கு வர முடியாது.

ஆசிரியர்களில் அந்தப் பகுதிக்காரர் சித்தார்த்தன் ஒருவர்தான். மற்றவர்கள் போய்க் கும்பிட்டால், "சித்தார்த்தன் சார் ஒண்ணும் சொல்லலீங்களே" என்று வாசலோடு அனுப்பிவிடுகிறார்கள். அவரோ புள்ளி வைத்த வீட்டைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போகிறார்.

"சார், சின்னப் புள்ளைங்க இருக்கற வீட்டுலல்லாம் வாயப் பூட்டிக்கிறீங்க. பென்ஷன்காரங்க மட்டும் இருக்கற வீட்டுல போயி நோட்டீஸ் குடுத்துட்டு வர்றீங்க. இது ஏசப்பாவுக்கே அடுக்காது" என்றார் தலைமையாசிரியை அற்புதம்மாள். ஜோதி டீச்சர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "உங்க சாம்பிள் என்னையத் துறையூரு தாண்டி அனுப்பிரும் போல சார்." அன்று மதியம் சித்தார்த்தன் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்ப எடுத்துப் போனார். ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

அந்தச் சட்டம் அவர் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டதுதான் வேடிக்கை. குலுக்கலில் அவருடைய வீடும் விழுந்திருந்தது. வீட்டில் முதல் வகுப்பில் சேர வேண்டிய பெண் இருந்தாள், தமிழ்மணி. வேறு யாராக இருந்தாலும் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த சீட்டை எடுத்திருப்பார்கள். பேராசிரியையிடம் சொல்லியிருந்தால் பென்சிலால் ஒரே அடியாக அடித்திருப்பார். விழுந்த வீட்டைத் தள்ளினால் குலுக்கல் எதற்கு என்று இவராகவே நினைத்துக்கொண்டு, தன் வீட்டுத் தூணிலும் ஒரு புள்ளி வைத்தார்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு மனைவிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"உங்க பேருங்க?"

"ம். ரதி."

"ஆனந்தி, வெளையாடாத. பதில் சொல்லு. சொல்லுங்க."

ஆனந்தவள்ளி ஒரு தனியார் மருத்துவமனையில் பில் போடுகிறார். மாநகராட்சிப் பள்ளியில் படித்தவர். கவுண்டரில் யாராவது இங்கிலீஷில் சத்தம் போட்டால் தனக்கு இன்னும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்பதை அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார். பத்து வருடக் கல்யாணத்தில் சித்தார்த்தன் கேட்டறியாத செய்தி அது. எழுதிக்கொண்டார். கடைசியில் ஆனந்தவள்ளி கேட்டார்: "சரி, நீங்க சொல்லுங்க. மணிய எங்க சேக்கலாம்?"

"அத நான் சொல்லக் கூடாதும்மா."

"ஏன்?"

"ஆய்வு முடியட்டும்."

அதற்கு மேல் விளக்கினால் அதுவே ஒரு கருத்தாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டார். அவருடைய நேர்மையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. சராசரி என்பதை ஊருக்குச் சொல்வது சுலபம். தன் பெண் அந்தச் சராசரிக்குள் அடங்காமல் போய்விட்டால்? நாளைக்கு அவளும் ஒரு கவுண்டரில் நாக்கு ஒட்டிப்போய் நின்றால்? இந்தப் பயம் அவருக்கும் இருந்தது. வாயைத் திறக்காமல் இருக்கச் சட்டம் வசதியாக இருந்தது.

ஜூனில் தமிழ்மணிக்குச் சாம்பல் நிற சாக்ஸ் வந்தது, சிவப்புப் பட்டை போட்டது. முதல் நாள் அதை மாட்டிவிட்டவர் சித்தார்த்தன்தான். இரண்டு காலிலும் பட்டை ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். வேன் வந்தது. பெண் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கை காட்டினாள். அவர் நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்.

ஜூலை பாதி போயிற்று. அற்புதம்மாள் எல்லா வகுப்புக்கும் போய்த் தலைகளை எண்ணிப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார். ஒரு பிள்ளை குறைந்தது. அந்த ஒன்றுக்காக எல்லோரும் அலைந்தார்கள். ஜோதி டீச்சர் தன் மேசை டிராயரைக் காலி செய்ய ஆரம்பித்திருந்தார். சித்தார்த்தன் வந்தால் டிராயரை மூடிவிடுவார்.

அந்த வாரக் கடைசியில் இரண்டாம் சுற்று. புள்ளி வைத்த வீடுகளில் கேள்விகளை முடித்துவிட்டுக் கடைசியாகத் தன் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலில் கழற்றினார். சட்டை உள்ளே இருந்தது. ஆனந்தவள்ளி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தமிழ்மணி பக்கத்தில் உட்கார்ந்து காம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பள்ளியில சேக்கறதுன்னு முடிவெடுத்தது யாருங்க?"

"நாந்தான். அவங்க அப்பா வாயே தொறக்கல."

எழுதினார்.

"வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற பள்ளியில ஏன் சேக்கல?"

ஆனந்தவள்ளி கீரையைக் கீழே வைத்தார். குரல் உயரவில்லை.

"அங்க வேல பாக்கற வாத்தியாரு ஊர்ப் புள்ளைங்களையெல்லாம் கும்பிட்டுக் கூப்பிட்டாரு. அவரு புள்ளைய மட்டும் ஒரு வார்த்த கூப்பிடல. அவருக்கே அந்த ஸ்கூலு மேல நம்பிக்கை இல்லன்னு நெனச்சேன். அப்பறம் நான் எத நம்பிச் சேக்கறது? எழுதிக்கங்க."

சித்தார்த்தன் எழுதினார். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. கை மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போயிற்று. வீடு வீடாக அவர் பூட்டி வைத்திருந்த வாய், அவருடைய வீட்டில்தான் அதிகம் பேசியிருந்தது. மனைவியின் மேல் கோபம் வரவில்லை.

"இன்னும் கேள்வி இருக்கா?" என்றார் ஆனந்தவள்ளி.

"இல்லீங்க. முடிஞ்சுது. ரொம்ப நன்றிங்க."

எழுந்து வெளியே போனார். கதவைத் தன் பின்னால் சாத்தினார். செருப்பை மாட்டிக்கொண்டு கேட் வரைக்கும் நடந்தார். பேன்ட்டிலிருந்து சட்டையை வெளியே இழுத்துவிட்டார். தூணில் இருந்த புள்ளியைக் கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தார். பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து மடிப்பு நீக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, தன் வீட்டுக் காலிங் பெல்லை அழுத்தினார்.