நங்கூரம் விழுந்த பிக்கப்

பழைய வண்டி ஒரிஜினலா, ஒட்டுப் போட்டதா என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. உண்மையைச் சொன்னால் விற்கிறவர் முறைப்பார், ஆசையோடு வாங்க வந்தவர் அதைவிட முறைப்பார். இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கும் வேலையில் இருப்பவர்களே, என் சங்கடம் உங்களுக்காவது புரியும்.

புன்னக்காயல் அந்தோணி கப்பல் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்தவர். அவர் அப்பா மீன் ஏற்றிய பிக்கப்பை, அப்பா காலமானதும் வீட்டில் விற்றுவிட்டார்கள். நம்பர் ஒருவருக்கும் ஞாபகமில்லை. உடம்புக்கு முடியாத அம்மாவோ, அதே வண்டியில் ஒரு தடவை மாதா கோயிலுக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அதைத் தேடித்தான் அந்தோணியும் நானும் அலைந்தோம்.

பேட்டை ஒடுக்கு

அந்தோணி செய்த தப்பு, பேட்டை டீக்கடையில் வாயைத் திறந்ததுதான். படகு நங்கூரம் விழுந்து பின்கதவில் ஒடுக்கு இருக்கும் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பேட்டையில் நாங்கள் பார்த்த பிக்கப்புக்கெல்லாம் நங்கூரம் விழுந்திருந்தது.

ஒரு பட்டறையில் குனிந்து பார்த்தேன். ஒடுக்குக்குள் பெயின்ட் அன்றுதான் விரிசல் விட்டிருந்தது, சுத்தியலின் வட்டமும் அச்சாகத் தெரிந்தது. கேட்டதற்குப் பட்டறைக்காரர் கொஞ்சம்கூட அசரவில்லை.

"அண்ணாச்சி, ஒடுக்கு பழசுதான். பார்வையா இல்லன்னு எடுத்திருந்தோம். நீங்க தேடுதியன்னு கேள்விப்பட்டு, அங்கனயே திரும்ப அடிச்சி வச்சிருக்கோம்."

களக்காட்டு மாதா

டீக்கடைப் பேச்சு களக்காடு வரைக்கும் போயிருந்தது. அந்தோணி அப்பா வண்டியில் மாதா படம் இருந்தது என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அங்கே வாழைக்காய் வியாபாரி ஒருவரின் பிக்கப்பில் மாதா படம் இருந்தது. தொட்டால் பசை விரலில் ஒட்டியது. வண்டிக்குப் பூஜை போட்ட கையோடு ஸ்டியரிங், ஹெட்லைட், மாதா என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்.

அந்தோணி வாழைத்தார் குவியல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. வியாபாரியோ, மாதாவுக்குப் பொட்டு வைத்ததுதான் எங்களுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

"எல்லாத்துக்கும் பொட்டு வச்சிட்டு, மாதாவ மட்டும் வெறும் நெத்தியா விட்டா வீட்டுல ஏசுவாவல்லா வே!"

காந்தம் ஒட்டாத வண்டி

கடைசியாகப் பாளையங்கோட்டையில் ஒருவர் கூப்பிட்டார். பளபளக்கும் சிவப்பு, தடித்தடியாக டயர், கூரை மேல் வரிசையாக விளக்கு. பின்கதவே புதுசு. மற்ற இடத்தில் காந்தத்தை வைத்தால் நிற்காமல் விழுந்தது, ஒடுக்கை மறைக்கத் தகரத்தின் மேல் அவ்வளவு பட்டி பூசியிருந்தார்கள். அந்தோணி ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை. வந்த கடமைக்கு நான் வண்டிக்கு அடியில் நுழைந்தேன்.

உடைமைக்காரரிடம் கேட்டுக்கொண்டு சேஸிஸின் முன்பக்கத்தைக் கொஞ்சம் சுரண்டினேன். கறுப்புக்குக் கீழே கெட்டியான நீலம் வந்தது, தூரிகையால் தீட்டிய படகு பெயின்ட். அதன் மேல் கோணலாக ஒரு வெள்ளைச் சிலுவை. அந்தோணியைக் கத்திக் கூப்பிட்டேன். படகுக்கு வரைந்த கையோடு அப்பா வண்டிக்கும் சிலுவை போடுவார் என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. வெள்ளைச் சட்டையோடு என் பக்கத்தில் மல்லாந்து படுத்து, அதைத் தடவிக்கொண்டே தேம்பித் தேம்பி அழுதார். உடைமைக்காரர் பதறிப்போய்க் குனிந்தார்.

"அழாதிய அண்ணாச்சி, வெலய கொஞ்சம் கொறச்சிக்கிடலாம்!"

மாதா கோயில் வரை

அம்மாவைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தோம். நான் ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டு நீல பெயின்ட், சிலுவை எல்லாவற்றையும் விளக்கினேன். அந்தம்மா தலையைக்கூட ஆட்டவில்லை. வண்டி கிடைத்த சந்தோஷத்தில் அந்தோணி விரட்டி ஓட்டினார். ஒரு குழியில் விழுந்து எழுந்ததும், "ஏலே, இது உங்க அப்பா வண்டியே இல்ல. எவனோ ஒங்கள ஏமாத்திருக்கான்" என்றார் அம்மா.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்தோணி முகம் செத்துவிட்டது. அம்மாவுக்கு வலித்திருக்குமே என்ற பயத்தில், அடுத்த குழியில் பிரேக்கில் கால் வைத்து, ஒவ்வொரு சக்கரமாக இறக்கி ஏற்றினார். அந்தம்மா மெல்ல முதுகைச் சாய்த்து, மகன் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"ஆமாலே, அவரு வண்டிதான். இப்படித்தான் பைய இறக்குவாரு."

எத்தனையோ வண்டிக்கு அடியில் படுத்து என் முதுகு போனதுதான் மிச்சம், சீட்டில் உட்கார்ந்தும் பார்க்கலாம் என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை.