பசறை இறக்கத்தில் பெருகிய வளையல்

கதிர்காமநாதனின் பேச்சில் அரிசி தீர்ந்துபோகாது, நிறைந்துபோகும். விளக்கு அணையாது, மலையேறும். வளையல் கடையை மூட மாட்டார்கள், கட்டுவார்கள். வளையலோ உடையவே உடையாது. கொழும்பிலிருந்து மாட்டு வண்டியில் வைக்கோலுக்குள் குலுங்கிக் குலுங்கி வந்து, பெட்டியைத் திறக்கும்போது பாதி பொடியாகக் கிடந்தாலும், "இந்தத் தடவை கொஞ்சம் பெருகியிருக்கு" என்றுதான் சொல்வார். கணவன் செத்தால்தானே பெண்ணின் கை வளையலை உடைப்பார்கள்? சுமங்கலிகள் கை நீட்டுகிற இடத்தில் அந்தச் சொல் காதில் விழலாமா? பதுளைக் கடைத்தெருவில் மற்ற வளையல் கடைக்காரர்களும் இப்படித்தான் பேசினார்கள். கதிர்காமநாதன் கொஞ்சம் கூடுதல். யாராவது மறந்துபோய் 'உடை' என்று ஆரம்பித்தால், "உடையா? துணிக்கடை பக்கத்துல இருக்குங்க" என்று வாயை அடைத்துவிடுவார்.

பொன்னையா அவருடைய மனைவி ராமலட்சுமியின் தம்பி. வளையல் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பசறை, நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடந்துபோய் விற்றுவருவது அவன் வேலை. முகத்தைப் பார்த்தால் கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி இருக்கும். அந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் அவன் யாரும் செய்யாத குறும்பெல்லாம் செய்தான்.

1912ஆம் ஆண்டு வாக்கில், பதுளைக்கு ரயில் வராத காலம். பசறைப் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது சாமான்களை ஏலம் விட்டார். சாய்வு நாற்காலி வாங்கப்போன கதிர்காமநாதன் அதை இன்னொருவருக்குப் பறிகொடுத்த ரோஷத்தில் அங்கிருந்த சைக்கிளை ஏலம் எடுத்து வந்துவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதில் சாய முடியாது என்பது உறைத்தது. பொன்னையா விழுந்து விழுந்து ஓட்டக் கற்றுக்கொண்டான். பிறகு வளையல் பெட்டியோடு ஓட்டவும் அனுமதி கேட்டான்.

"கண்ணாடி மாப்ள, கண்ணாடி," என்றார் கதிர்காமநாதன். "சரி, கொண்டுபோ. ஆனா வழியில பெருகிச்சுன்னு தெரிஞ்சுது, அன்னைக்கே சைக்கிளை வித்துருவேன். அப்புறம் நீ ஊர் சுத்த வேணாம். எங்கூட கடையில உக்காந்து தூசி தட்டு."

மச்சானின் கண் முன்னால் நாள் முழுக்கத் தூசி தட்டுவதைவிட ஜெயில் மேல் என்று பொன்னையா நினைத்தான். வெளியே, "ஆகட்டும் மச்சான்" என்றான்.

ஏற்றத்தில் அவன் சைக்கிளைத் தள்ளுவான். இறக்கத்தில் சைக்கிள் அவனைத் தள்ளும். மலைப்பாதையில் சைக்கிள் வாழ்க்கை அவ்வளவுதான். பிரேக் என்று ஒரு தோல்துண்டு இருந்தது. அது முன்சக்கரத்தைத் தொட்டு நலம் விசாரிக்கும். பசறை இறக்கத்துக்கு அதெல்லாம் எந்த மூலைக்கு? அதனால் உச்சிக்கு வந்ததும் இலையோடு ஒரு கிளையை வெட்டிக் கயிற்றால் பின்னால் கட்டிவிடுவான். கிளை தரையில் இழுபட்டு வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். அவன் போன பிறகு ரோட்டில் ஒரு சருகு இருக்காது. ரோட்டு வேலையைக் கவனிக்கும் ஓவசியர் ஒருநாள் வழிமறித்து, தன்னைக் கேட்காமல் ரோடு பெருக்க ஆள் வைத்தது யார் என்று கோபித்துக்கொண்டாராம். கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு மேலே இருந்து வரும் சரசரப்பும் கலகலப்பும் கேட்டால் போதும், வளையல்காரன் வருகிறான் என்று கை அரிக்கத் தொடங்கிவிடும்.

அன்று நமுனுகுல பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரியாயியின் மகள் பூவம்மாவுக்கு வளைகாப்பு. பொன்னையா நேரத்தோடு புறப்பட்டு, வழியில் கண்டவர்களோடெல்லாம் பேசி, நேரம் கழித்து உச்சிக்கு வந்தான். கிளையைக் கட்டி இறங்கும்போது ஒரு குதிரைவண்டி அவனை முந்தியது. குதிரைக்காரன் திரும்பிப் பார்த்து, "என்னா தம்பி, ரோட்டைக் கூட்டிட்டு வாறியா?" என்று கேட்டான். வேறு ஒருவனாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பான். பொன்னையா ஒரு கையைப் பின்னால் விட்டுக் கயிற்று முடிச்சை உருவிவிட்டான்.

குதிரையை அவன் முந்தினான். அந்தப் பெருமையை யாரும் அவனிடமிருந்து பறிக்க முடியாது. அடுத்த வளைவில் பாதை இடது பக்கம் திரும்பியது, சைக்கிள் திரும்பவில்லை. பொன்னையாவும் சைக்கிளும் வளையல் பெட்டியும் தனித்தனியாகத் தேயிலைச் செடிகளுக்குள் போய் இறங்கினார்கள்.

செடி தாங்கியதால் ஆளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. பெட்டியில் பாதி பொடி. கடைவாசலில் உட்கார்ந்து தூசி தட்டும் தன்னை அவன் அப்போதே கண்ணெதிரே பார்த்துவிட்டான்.

தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்து, பெட்டியைத் திறந்து, பெண்களிடம், "வர்ற வழியில பெருகிருச்சு" என்றான். பெரியாயி நெஞ்சில் கை வைத்தாள். நல்லவேளை, பூவம்மாவின் இரண்டு கைக்கும் நிறையப் போட்டு, வந்த பெண்களுக்கும் கொடுக்கிற அளவுக்கு வளையல் பிழைத்திருந்தது. எல்லாம் முடிந்த பிறகு பொன்னையா பெரியாயியின் பக்கத்து வீட்டு இராக்கம்மாவிடம் கெஞ்சினான்.

"அக்கா, மச்சான் காதுக்குப் போயிறக் கூடாது."

"நாங்க ஏன்யா சொல்றோம்? சொல்லணும்னாலும் அந்த வார்த்தை எங்க வாயில வராதே" என்றாள் இராக்கம்மா.

ஆனால் வாசலில் துணி மூட்டையை இறக்கிவைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார் பசறை அஸீஸ் நானா. தோட்டம் தோட்டமாகத் துணி விற்கும் முஸ்லிம் வியாபாரி; எல்லாருக்கும் நானா, அதாவது அண்ணன். பொய் பேசாத மனுஷர் என்று மலை முழுக்கப் பெயர். உள்ளே பெரியாயி யாரிடமோ சொன்னது அவர் காதில் விழுந்தது: "வர்ற வழியில வளையலெல்லாம் பெருகிப்போச்சாம். அப்படியும் நம்ம புள்ளைக்கு ரெண்டு கை நெறைய அமைஞ்சிருச்சு." வளையல் கடைப் பேச்சு அஸீஸ் நானாவுக்குப் பழக்கமில்லை. பெருகியது என்றால் அவருக்குப் பெருகியதுதான், இறைவன் அருளும் பரக்கத்துதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை கடை நிறையப் பெண்கள் இருக்கும்போது அவர் பதுளைக்கு வந்து கதிர்காமநாதனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மொதலாளி, ஒங்கட பொன்னையாக்கு அல்லாஹ் பரக்கத்த குடுத்தீக்கிறான்! வர்ற வழியில பெட்டில வளையல் எல்லாம் பெருகிப்போச்சாமே! எண்ட மகள் முஹ்ஸினாட கலியாணத்துக்கு அந்தப் பெட்டில உள்ளதுதான் வேணும். பொன்னையாவே அந்த சைக்கிள்ள கொண்டு வரணும்."

கதிர்காமநாதனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கி என்ன செய்ய? நானாவுக்கு விளக்க வேண்டுமென்றால் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். மகாலட்சுமி படத்துக்கு முன்னால், வெள்ளிக்கிழமை, சுமங்கலிகள் நடுவில். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். கடைசியில், "சந்தோசம் நானா" என்றார். அப்படி ஒரு துக்கமான சந்தோஷத்தைப் பதுளை அதுவரை பார்த்ததில்லை.

(பின்னால் ஒருநாள் பொன்னையாவே அஸீஸ் நானாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டான். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அப்ப நீ உசிரோட வந்ததுதான் பரக்கத்து" என்றாராம்.)

நானா போனதும் கதிர்காமநாதன் பொன்னையாவின் தோளைப் பிடித்துக் கொல்லைப்புறத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"இங்க சாமி படம் இல்ல. இப்ப சொல்லு, வளையல் என்னாச்சு?"

"பெருகிருச்சு மச்சான்."

"எப்படிப் பெருகிச்சு?"

"எப்பவும் பெருகுற மாதிரிதான்."

"அந்த வார்த்தையைச் சொல்லுடா!"

"எந்த வார்த்தை மச்சான்?" என்றான் பொன்னையா, அந்தக் கோயில் பிரகார முகத்தோடு. "நீங்க சொல்லிக்குடுங்க, சொல்றேன்."

கதிர்காமநாதனுக்குப் பொறுக்கவில்லை. "வளையலை ஒடச்சிட்டியேடா பாவி! ஒடச்சிட்டியே!" என்று கத்தினார்.

கொடியில் காய்ந்த புடவைக்குப் பின்னால் ஏதோ கீழே விழுந்தது. ராமலட்சுமி வெளியே வந்தாள்.

"யாரு வளையலைங்க?" என்றாள்.

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் கதிர்காமநாதன் பிழைப்பாரா என்று தெரியாமல் கிடந்தபோது, அவள் ஒரு கையால் மறுகை வளையல்களை மூடிக்கொண்டே அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவருக்கும் அது நினைவிருந்தது.

"பெட்டி வளையலைத்தான் சொன்னேன் லட்சுமி" என்றார்.

"உங்க வாயால, என் காது கேக்க..." அழுதாள்.

பொன்னையாவின் முகத்திலிருந்து குறும்பு இறங்கிவிட்டது. அக்கா அழுவதை அவன் தாங்க மாட்டான். "அக்கா, நான்தான் மச்சான் வாயைக் கிண்டிச் சொல்ல வச்சேன். தப்பு என்மேல. குதிரையோட போட்டி போட்டு விழுந்தேன். சைக்கிளை வித்துருங்க மச்சான். நான் கடையிலேயே இருக்கேன்." மனதாரத்தான் சொன்னான்.

ராமலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியிடம் கையை நீட்டினாள். "மொதல்ல எனக்குப் புதுசு போடு."

அவன் ஓடிப்போய்ப் பச்சை வளையலாகப் பொறுக்கி வந்து, ஒவ்வொன்றாக, ஒன்றுகூடப் பெருகாமல் போட்டுவிட்டான். கதிர்காமநாதன் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் காலையில் பொன்னையா தூசி தட்டும் துணியோடு கடைக்கு வந்தபோது வாசலில் சைக்கிள் நின்றது. முஹ்ஸினாவின் கல்யாண வளையல் பெட்டி அதில் கட்டியிருந்தது. கதிர்காமநாதன் தரையில் உட்கார்ந்து, தானே வெட்டிவந்த பெரிய கிளைக்கு இரட்டைக் கயிறு போட்டு முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வளையல் பெருகினாப் பெருகட்டும் மாப்ள" என்றார். "நீ பெருகாம வந்து சேரு."