கரித்தொட்டிக்குள் கேட்ட பதில்

எது முதலில் கேட்டது, எது பிறகு... வரிசை எனக்குக் குழம்பியிருக்கலாம். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்டது கேட்டதுதான்.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் எனக்கு வேலை. எத்தனை கட்டம் தாண்டினாலும் சாக்கடை நீரில் மருந்து மிச்சம் கரைந்தே இருக்கும். கடைசியில் அதை உறிஞ்சி எடுப்பது கரித்தொட்டி. பெரிய இரும்புத் தொட்டி, பாதிவரை கரி. அன்று மத்தியானம் நீரை வடித்துவிட்டு, அடைப்பு எடுக்க என் மனைவியின் தம்பி இறங்கினான்.

"ஊரே முழுங்கின மாத்திரையெல்லாம் இதுக்குள்ளதான் மாமா. எறங்கி ஏறினா ஆயுசுக்கும் தலைவலி வராது."

மேற்பார்வையாளர் தொட்டி வாயில் காற்றைச் சோதித்தார். சரி என்று சொல்லிவிட்டுப் போனார். ஈரக் கரி காற்றிலுள்ள பிராணவாயுவையும் குடித்துவிடும், அடியில்தான் சோதிக்க வேண்டும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

மோட்டார் இரைச்சலில் குரல் எடுபடாது. அதனால் வெளியே நிற்பவன் இரும்பில் ஒரு தட்டு தட்டுவான். உள்ளிருந்து பதில் தட்டு வந்தால் ஆள் நலம். வராவிட்டால் இடுப்புக் கயிற்றை இழுக்க வேண்டும்.

தட்டினேன். டங்... பதில் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் தட்டினேன். பதில் வந்தது. ஆனால் கீழேயிருந்து. அவன் நின்ற கரிக்கும் கீழேயிருந்து.

எட்டிப் பார்த்தேன். அவன் நெற்றி விளக்கின் வெளிச்சம் இல்லை. மூலைக்குப் போயிருப்பான் என்று நினைத்தேன்.

அடுத்த முறை கையை ஓங்கினேன். தட்டவில்லை.

டங்.

இரும்பில் காதை வைத்தேன். சில்லென்றிருந்தது.

டங். என் காதுக்கு நேராக.

"நெட்டை..."

அவன் குரல்தான். இரைச்சலை மீறித் தெளிவாக.

"இருடா. நான் இன்னும் முடிக்கல."

நெட்டை என்பது வேலையிடத்தில் என் பட்டப்பெயர். ஆனால் அவனுக்கு நான் எப்போதும் மாமாதான், 'டா' போட்டதே இல்லை.

கயிற்றை இழுத்தேன்.

வரவில்லை.

கீழிருந்து இழுத்தது. மெதுவாக... விளையாடுவதுபோல.

கத்தினேன். ஆட்கள் ஓடிவந்து கை கொடுத்ததும் கயிறு சட்டென்று இளகியது. அவன் வந்தான். வாய் நிறையக் கரி.

இறங்கிய சற்று நேரத்திலேயே மூச்சு நின்றிருக்கும் என்றார் மருத்துவர். கையைக் கூடத் தூக்கியிருக்க முடியாதாம். நான் அரைமணி நேரம் பதில் வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஏன் முன்னாலேயே இழுக்கவில்லை என்று மனைவி ஒரே ஒரு முறை கேட்டாள். சொன்னேன். மறுநாள் அவள் பிறந்த வீட்டுக்குப் போனாள், வரவில்லை. மேற்பார்வையாளர் வேலையை விட்டுவிட்டார். நான் இப்போது லாரி ஓட்டுகிறேன். தொட்டிக்குப் புதுக் கரி போட்டிருக்கிறார்கள். முன்னைவிட நன்றாக உறிஞ்சுகிறதாம்.