வரிசையாகக் கிடந்த குப்பை

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். இந்த வேலையை நான் தொடங்கியதே கோபத்தில்தான். தபால் அலுவலகத்தில் ஓய்வு பெற்ற மறு மாதம், பழவேற்காட்டில் எங்கள் தெருவைத் தாண்டி இருக்கும் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்குள் ஒரு நாள் சும்மா போனேன். எவ்வளவோ புயலுக்குத் தாக்குப்பிடித்த கல் ஒன்றின் மேல் யாரோ ஆணியால் இதயம் கீறி, உள்ளே இரண்டு பெயர் எழுதியிருந்தான். எழுதியவன் பக்கத்துக் கல்லில் சாய்ந்துகொண்டு பரோட்டா தின்றுகொண்டிருந்தான். நான் போட்ட சத்தத்தில் பொட்டலத்தைப் போட்டுவிட்டு ஓடினான். பொட்டலத்தை நான்தான் பொறுக்கினேன்.

சத்தம் போட்டால் ஒருவன்தான் ஓடுவான், அடுத்த வாரம் இன்னொருவன் வருவான் என்று கொஞ்ச நாளில் புரிந்தது. அதனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்களைக் கூட்டிப் பேச ஆரம்பித்தேன். டச்சுக் கோட்டை இருந்த மேட்டுக்கும் ஏரிக்கும் நடுவில் பஞ்சாயத்து இரண்டு பெஞ்சும் ஒரு சறுக்குமரமும் போட்டு, ‘பூங்கா’ என்று பலகை நட்டிருந்தது. அங்கேதான் கூட்டம். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரி வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வருவார்கள். பெரும்பாலும் ஆபீஸ் போகிறவர்கள், பறவை பார்க்கும் ஆசை உள்ளவர்கள். கொண்டுவந்த குப்பையைக் கொண்டுபோ, பூநாரை நிற்கும் பக்கம் போகாதே, பாட்டுப் போடாதே என்று வெளியில் நடந்துகொள்ளும் முறை பற்றி அரை மணி நேரம் சொல்வேன். பிறகு சாக்குப் பையோடு குப்பை பொறுக்கப் போவோம். எல்லாவற்றுக்கும் மேலாக முதல் விதி ஒன்று வைத்திருந்தேன். இருந்ததை இருந்த இடத்தில் விடு. கோட்டைச் செங்கலில் ஒரு துண்டைக்கூடப் பையில் போட விடமாட்டேன்.

இதில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன், ஆனால் ஏரியில் முழங்கால் தண்ணீரில்கூட அதுவரை இறங்கியதில்லை. எங்களுடையது பழைய வியாபாரக் குடும்பம். மீன் எங்கள் வீட்டுக்குக் கூடையில் வரும், நாங்கள் வாசற்படியில் நின்று பேரம் பேசுவோம். ஏரியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவதற்கு இது ஒரு குறை என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

என் பேச்சைக் கேட்க ஏரியிலிருந்தும் ஒரு அம்மாள் வருவாள், கோட்டைக்குப்பத்துக்காரி. கணவனைக் கடலில் பறிகொடுத்தவள். தண்ணீரில் இறங்கி, பறி என்கிற ஓலைக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் துழாவி இறாலும் நண்டும் பிடிப்பாள். வேலை முடிந்து கரையேறும்போது நான் பேசிக்கொண்டிருந்தால், ஈரப் புடவையோடு கூட்டத்தின் பின்னால் நின்று கேட்பாள்.

“இன்னா பாய், ஏரிக்கு நீயே மாமியாரா?” என்று முதல் நாள் கேட்டாள். கூட்டமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதிலிருந்து பழக்கம். முதல் விதி மட்டும் அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. “இருந்தத இருந்த எடத்துல வுடுனு சொல்ற பாரு, அதான் பேச்சு. அத நல்லா ஒரைக்கிற மாரி சொல்லு” என்பாள்.

அவளுக்கு முட்டி போய்விட்டிருந்தது. ஆழத்துக்கோ தூரத்துக்கோ போக முடியாது. காசிமேட்டில் மகள் வீடு இருக்கிறதே, அங்கே போய் இருந்தால் என்ன என்று ஒரு முறை கேட்டுவிட்டேன். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“மருமவன் துண்ண ஒக்காந்தா அந்த வூட்ல ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது பாய். கொயந்த அயுதாக்கூட வாயப் பொத்துவாங்க. அங்க போயி மூலைல குந்திக்கினு இருக்கணுமா நானு? என் எடம் இங்க கீது. காலைல ரெண்டு மணி நேரம் எறங்குனா எனக்குச் சோறு.”

‘என் இடம்’ என்றபோது பெஞ்சுக்கு நேரே ஏரிப் பக்கம் கையைக் காட்டினாள். நான் பார்த்தேன். வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்த வருடக் கோடையில் ஏரி நன்றாக வற்றியது. அதே சமயம் ஒரு பெரிய துப்புரவு முகாமுக்கு ஏற்பாடு செய்தேன். இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். எல்லோருக்கும் தொப்பி, கையுறை. பஞ்சாயத்து ஒரு டிராக்டர் கொடுத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கரையை முடித்துவிட்டு ஏரிக்குள் இறங்கினார்கள். நான் வழக்கம்போல் கைலி நனையாமல் மேட்டில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தேன். பெஞ்சுக்கு நேரே, வற்றிய தண்ணீருக்கு வெளியே, வாய் உடைந்த பானைகளும் பழைய டயர்களும் கட்டுக்கட்டாகப் பனைமட்டையும் தலை நீட்டியிருந்தன. வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் ஒரு பானையைத் தொட்டுவிட்டு நின்றார்.

“சார், இது ஒரே வரிசையா இருக்கே. எடுக்கலாமா?”

நானும் பார்த்தேன். ஆமாம், வரிசையாகத்தான் இருந்தது. ஒரு பானைக்கும் அடுத்த பானைக்கும் ஒரு கை தூரம், அளந்து வைத்த மாதிரி. குப்பை இப்படிக் கிடக்காதே என்று ஒரு கணம் மனதில் பட்டது. பட்டதை நான் நிற்க விடவில்லை. மேட்டுக்குக் கீழே அத்தனை பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“டச்சுக்காரன் ஊருக்குப் போகும்போது அடுக்கி வச்சுட்டுப் போயிருப்பான். எடுங்க, எடுங்க” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பானைகளைத் தூக்கினால் உள்ளே நண்டு. சிலவற்றில் கெளுத்தி மீன். பாவம், குப்பையில் மாட்டிக்கொண்டிருக்கின்றன என்று ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டார்கள். ஒவ்வொரு நண்டுக்கும் கைதட்டல். நானும் தட்டினேன். பிறகு பானைகளைக் குவித்து அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். அந்தப் போட்டோவில் நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். டிராக்டர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது.

அவள் அன்று ஊரில் இல்லை. பேரப்பிள்ளைக்குக் காது குத்து என்று காசிமேட்டுக்குப் போயிருந்தாள். மறுநாள் காலை நான் பெஞ்சில் உட்கார்ந்து, ஏரி சுத்தமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பறியோடு வந்தாள். தண்ணீரில் இறங்கி நடந்தாள். நின்றாள். காலால் அங்கும் இங்கும் தடவினாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கரைக்கு வந்து எனக்கு எதிரே நின்றாள்.

“எங்க பாய் என் பானைங்க?”

நான் எழுந்தேன். குப்பை என்று நினைத்து எடுத்துவிட்டோம் என்று சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது?

“எங்கியாவது குப்ப வரிசையா கெடக்குமா பாய்? நண்டு வந்து ஒண்டட்டும்னு வரிசையா வச்சிருந்தனே, பாக்கலியா நீ?”

“கவனிக்கலம்மா” என்றேன்.

பொய். எனக்கு அறுபது வயது தாண்டிய பிறகு, ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய். அவள் தலையிலடித்துக்கொண்டு அழுவாள், சாபம் விடுவாள் என்று பயந்தேன். அவள் பெஞ்சில் மெல்ல உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

அன்றைக்கே குப்பைக் கிடங்குக்கு ஓடினேன். பானைகள் நொறுங்கிக் கிடந்தன. டயர்களை யாரோ கொண்டுபோய்விட்டிருந்தார்கள். பொன்னேரிச் சந்தையிலிருந்து ஆட்டோ நிறையப் புதுப் பானை வாங்கிவந்து அவள் முன்னால் இறக்கினேன். அவள் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

“சூள வாசன வருது பாய். புதுசுல நண்டு ஏறாது. பாசி புடிக்கணும், சிப்பி ஒட்டணும். ஒரு மழக்காலமாவது தாண்டணும்.”

“அதுவரைக்கும்?”

அவள் முகர்ந்த பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். பானைகளைத் தானே ஒவ்வொன்றாகக் கொண்டுபோய், பழைய இடத்திலேயே வரிசை வைத்தாள். நான் கரையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அதன்பின் மற்றவர்கள் துழாவும் இடத்துக்கு, இடுப்பளவு தண்ணீருக்கு, போக ஆரம்பித்தாள். மூன்று வாரம் தாங்கினாள். ஒரு நாள் முட்டி மடங்கிக்கொண்டு எழ முடியாமல், படகுக்காரர்கள் தூக்கிவந்து கரையில் போட்டார்கள். மகள் வந்தாள். அம்மாவின் துணியை இரண்டு பையில் அடைத்து ஆட்டோவில் ஏற்றினாள். அந்த அம்மாள் என்னைப் பார்த்து, “வரேன் பாய்” என்றாள்.

கூட்டங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. எனக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள். ஆனால் முதல் விதியை என்னால் சொல்ல முடியவில்லை. நாக்கு அங்கே வந்ததும் புரண்டுவிடும். இரண்டாவதிலிருந்து ஆரம்பித்துவிடுவேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மழைக்காலம் முடிந்து, தண்ணீர் தெளிந்த பிறகு, ஒரு நாள் காலை யாரும் இல்லாத நேரத்தில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினேன். சேறு காலை இழுத்தது. முதல் பானை வழுவழு என்று பாசி கட்டியிருந்தது. வாயோரமெல்லாம் சிப்பி. உள்ளே கையை விட்டேன். வெடுக்கென்று விரலைப் பிடித்துக்கொண்டது நண்டு. உதறி விடுவித்துக்கொண்டு, இரத்தம் சொட்ட ஒவ்வொரு பானையாகக் குச்சியால் தட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஏறியிருந்தது.

பெஞ்சுக்கு வந்து போன் போட்டேன். மகள் எடுத்து அவளிடம் கொடுத்தாள். குரல் அடங்கிப்போயிருந்தது.

“நண்டு ஏறிடுச்சும்மா” என்றேன்.

“எத்தினி பானைல?”

சொன்னேன்.

“கைய வுட்டியா? கட்ச்சிதா?”

“கடிச்சிடுச்சு.”

சிரித்தாள் என்று நினைக்கிறேன். இப்போது விட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

“அன்னைக்கு அது வரிசையா இருந்தத நான் பார்த்தேன்மா. பார்த்துட்டுதான் எடுக்கச் சொன்னேன்.”

“தெரியும் பாய். டச்சுக்காரன்னு நீ சொன்னத நான் திரும்பி வந்த அன்னிக்கு சாங்காலமே டீக்கடைல சொன்னாங்க.” அவள் குரல் இன்னும் தாழ்ந்து, கிசுகிசுப்பாகிவிட்டது. “வச்சிடறேன். மருமவன் துண்ண ஒக்காந்துட்டான்.”