இரண்டு கை தூக்கியவர்களின் பஸ்

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. வீடு திருவண்ணாமலையில், வேலை கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், ஓராசிரியர் பள்ளியில். பஸ் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து மூன்று மைல் மண்பாதை. மழைநாளில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பேன். அந்த ஊரில் வாடகைக்கு ஓடியது ஒரே ஒரு மாட்டு வண்டி.

எழுபதுகளின் நடுவில் ஒருநாள் பஞ்சாயத்து யூனியன் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். சேற்றில் மாட்டிய ஜீப்பை அந்த வண்டிக்காரரின் காளைகள்தான் இழுத்துவிட்டன. அதிகாரி பள்ளிக்கூட வாசலில் ஊரைக் கூட்டினார்.

"எல்லாரும் அரசாங்க சேமிப்புப் பத்திரம் வாங்குங்க. சில வருஷம் கழிச்சு பணம் வட்டியோட திரும்பி வரும். நெறைய வாங்குற ஊருக்குத்தான் முதல்ல ரோடு. ரோடு வந்தா பஸ் வரும். சம்மதம்னா கையைத் தூக்குங்க."

எண்ணும் வேலை எனக்கு. எண்ணினால், ஆட்களைவிடக் கைகள் ஜாஸ்தி. பாதிப் பேர் இரண்டு கையையும் தூக்கியிருந்தார்கள். ஒரு பெண் இடுப்பிலிருந்த குழந்தையின் கையையும் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"அதுவும் பஸ்ல வருமில்ல, டீச்சரம்மா?"

வேண்டாம் என்றவர் வண்டிக்காரர் மட்டும். "பஸ் வந்தா என் மாடு இன்னா பண்ணும்? டிரைவர் வேலைக்குப் போவுமா?"

மறுநாள் அதிகாரியும் நானும் விண்ணப்பங்களோடு வீடு வீடாகப் போனோம். இரண்டு கை தூக்கிய வீடுகளில் எல்லாம் கதவு சாத்தியிருந்தது. ஒருவர் வேர்க்கடலை மூட்டைக்குப் பின்னாலிருந்து, "நான் ஊர்ல இல்லைனு சொல்லு" என்று மனைவியிடம் சொன்னது தெருவுக்கே கேட்டது. அந்த அம்மா வாசலுக்கு வந்து, "ஊர்ல இல்லைனு சொல்லச் சொன்னாருங்க" என்றார்.

முதல் பத்திரம் வாங்கியவர் வண்டிக்காரர்.

"நேத்து வேணாம்னீங்களே?" என்றேன்.

"பஸ்ஸுதான் வேணாம்னேன். வட்டி வேணாம்னா சொன்னேன்?"

எதிர்த்தவரே வாங்கிவிட்டார் என்றதும் ஊருக்கு ரோஷம் வந்துவிட்டது. சாத்திய கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

இரண்டு வருஷம் கழித்து ரோடு வந்தது, பஸ்ஸும் வந்தது. முதல் நாள் காலை திருவண்ணாமலையிலிருந்து அதில் வந்த ஒரே பயணி நான். மாலை போட்டார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். அதற்குப் பிறகுதான் டிரைவர் கேட்டார்:

"வண்டியை எங்க திருப்புறது?"

அதை யாரும் யோசித்திருக்கவில்லை. பஸ் திரும்பும் அகலத்துக்கு அந்த ஊரில் இருந்தது ஒரே இடம், வண்டிக்காரரின் களம். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு களத்தின் நடுவில் போய் நின்று, மாட்டை ஓட்டும் அதே குரலில், "ஹேய்... வா, வா, இடது பக்கம் ஒடி!" என்று அதட்டினார். பஸ் அடக்கமாகத் திரும்பியது.

உடனே ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பின்னாலேயே ஊரும் ஏறியது, என் மாணவர்கள் உட்பட. யாருமில்லாத பள்ளிக்கூடத்தில் நான் மட்டும் என்ன செய்வது? நானும் ஏறி, திருவண்ணாமலை வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.

பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிக் கோயிலுக்குக் கிளம்பினார்கள். அவர் மட்டும் அசையவில்லை.

"எறங்கலையா?" என்றேன்.

"எறங்குனா சீட்டு போயிடும், டீச்சரம்மா. நீங்க போய் எனக்கும் சேர்த்து சாமியைக் கும்பிட்டுட்டு வாங்க."